உயர்தரப் பௌதிகவியல்: நானுஓயாவிலிருந்து தொடங்குவது எப்படி?

நானுஓயாவில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிப்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,600 மீற்றருக்கு மேல் வளிமண்டல அமுக்கம் குறைவு. அதனால் அங்கு சுமார் 95 பாகையிலேயே தண்ணீர் கொதித்துவிடும். பாடசாலை ஆய்வுகூடத்தில் வெப்பமானியைப் பார்க்கும் மாணவி, புத்தகத்தில் 100 என்று இருப்பதால் தன் அளவீடுதான் பிழை என்று நினைத்து, கொப்பியில் 100 என்றே எழுதிவிடக்கூடும். ஆனால் அவள் அளந்தது சரி. அளந்ததை நம்பி, ஏன் அப்படி வந்தது என்று கேட்பதிலிருந்துதான் க.பொ.த. உயர்தரப் பௌதிகவியல் தொடங்குகிறது.

ஒரு பாடம் மூடும் கதவு

கணிதப் பிரிவு மாணவர்களுக்கும் உயிரியல் பிரிவில் பெரும்பாலானோருக்கும் பௌதிகவியல் பொதுவான பாடம். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று பாடங்களிலும் சித்தி வேண்டும். எனவே மற்ற இரண்டிலும் நல்ல பெறுபேறு எடுத்தவரையும் பௌதிகவியலில் ஓர் ‘எஃப்’ வெளியே நிறுத்திவிடும்.

மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும் வழங்கப்படுகின்றன. எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குரியது. நுவரெலியா அந்தப் பட்டியலில் உண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகியனவும் உண்டு. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும், இங்கேயே தங்கியவர்களின் பிள்ளைகளும் இன்று ஒரே பட்டியலில்தான் நிற்கிறார்கள்.

ஆனால் இந்த ஒதுக்கீடு மாவட்டத்துக்கு உரியது, தோட்டத்துக்கு உரியதல்ல. நகரப் பாடசாலை மாணவரோடுதான் லயத்துப் பிள்ளையும் போட்டியிட வேண்டும். பௌதிகவியலில் சித்தியடைவோர் குறைந்தால், நாளை தமிழ்மொழியில் அதைக் கற்பிக்க வரும் ஆசிரியர்களும் குறைவார்கள். ஆசிரியர் இல்லாவிட்டால் சித்தி இன்னும் குறையும். இந்தச் சுற்றைத் தரம் 12இன் முதல் சில மாதங்களிலேயே உடைக்க வேண்டும்.

தொடங்குமுன் கணிதம்

பாடத்திட்டத்தில் 11 அலகுகள். முதல் அலகு அளவீடு, இரண்டாவது பொறியியல். பலர் தடுமாறுவது பௌதிகவியலில் அல்ல, அதற்கு வேண்டிய கணிதத்தில். இணைந்த கணிதம் படிக்காத உயிரியல் மாணவர்களுக்கு இது இன்னும் கடினம். சாதாரண தரப் பரீட்சைக்கும் உயர்தர வகுப்புக்கும் இடையில் கிடைக்கும் மாதங்களில் நான்கு விடயங்களைத் திருத்திக்கொண்டால் போதும்: சமன்பாட்டில் எழுவாய் மாற்றுதல், சைன் – கோசைன் – தான்சன், பத்தின் அடுக்குகள், நேர்கோட்டு வரைபின் படித்திறன்.

இன்னொன்று, பரீட்சையில் கல்குலேட்டர் அனுமதி இல்லை. வகுப்பில் தொலைபேசியில் கணக்குப் போட்டுப் பழகியவர் மண்டபத்தில் திணறுவார். முதல் நாளிலிருந்தே கையால் சுருக்கிப் பழக வேண்டும்.

சொல்லில் ஒரு பொறி

ஆசிரியர் இல்லாத பாடசாலைகளில் பலர் யூடியூப்பை நாடுகிறார்கள். தமிழ்நாட்டுக் காணொளிகள் உதவும், ஆனால் கலைச்சொற்கள் வேறு. அங்கே ‘நிறை’ என்றால் நம் திணிவு. இங்கே ‘நிறை’ என்றால் புவி இழுக்கும் விசை. அதை அவர்கள் ‘எடை’ என்பார்கள். அவர்களின் ‘வேகம்’ நமது கதி, அவர்களின் ‘திசைவேகம்’ நமது வேகம், அவர்களின் ‘முடுக்கம்’ நமது ஆர்முடுகல். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரு நிரல்களாக ஓர் அட்டவணை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. விடைத்தாளில் இலங்கைப் பாடத்திட்டச் சொற்களையே எழுத வேண்டும்.

ஊரே ஆய்வுகூடம்

நானுஓயாவுக்கு ரயில் 1885இல் வந்தது. மலையகப் பாதையின் செங்குத்தான பகுதிகளில் ரயில் 44 மீற்றர் ஓடினால் 1 மீற்றர் ஏறுகிறது. 300 தொன் திணிவுள்ள ஒரு ரயிலை எடுத்துக்கொள்வோம். ஈர்ப்பார்முடுகலைப் பத்து என்று கொண்டால் அதன் நிறை 30 இலட்சம் நியூட்டன். அதை 44ஆல் வகுத்தால், சரிவு வழியே அதைக் கீழே இழுக்கும் விசை சுமார் 68,000 நியூட்டன். உராய்வைச் சேர்க்காமலே எஞ்சின் இவ்வளவு விசையைக் கொடுக்க வேண்டும். சாய்தளக் கணக்கு இவ்வளவுதான்.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் இடத்தில் உலர் குமிழ், ஈரக் குமிழ் வெப்பமானிகள் இருக்கும். இரண்டின் வாசிப்புக்கும் இடைவெளி கூடினால் காற்று உலர்ந்திருக்கிறது, கொழுந்து விரைவாக வாடும். பனிமூட்ட நாளில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். அன்று காற்றைச் சூடாக்க வேண்டும். சாரீரப்பதன் என்ற பாடத்தைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அப்பாவிடமே கேட்டுப் படிக்கலாம்.

வீட்டில் ஒரு நூலும் கல்லும் போதும். ஒரு மீற்றர் நீளத்தில் தொங்கவிட்டு, சிறிதாக ஆட்டிவிட்டு, 20 அலைவுகளுக்கு எடுக்கும் நேரத்தை அளந்தால் சுமார் 40 செக்கன் வரும். நீளத்தை மாற்றி மாற்றி அளந்து, அலைவுகாலத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு கிடைக்கும். அதன் படித்திறனிலிருந்து ஈர்ப்பார்முடுகலைக் கணிக்கலாம். அமைப்புக் கட்டுரை வினாக்கள் இத்தகைய பரிசோதனைகளைத்தான் கேட்கின்றன. ஏன் ஒரே அலைவை அளக்காமல் 20ஐ அளக்கிறோம் என்பதற்குச் செய்து பார்த்தவருக்கு விடை தெரியும்.

பரீட்சையின் அமைப்பு

முதலாம் பத்திரத்தில் 50 பல்தேர்வு வினாக்களுக்கு 2 மணித்தியாலம். ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன்தான். இரண்டாம் பத்திரத்துக்கு 3 மணித்தியாலம். அதில் 4 அமைப்புக் கட்டுரை வினாக்களுக்கும் கட்டாயம் விடை எழுத வேண்டும். கட்டுரை வினாக்கள் ஆறில் நான்கைத் தெரியலாம்.

பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் தேசிய கல்வி நிறுவகத்தின் இணையத்தளத்தில் தமிழில் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் பாடங்கள் உண்டு. கடந்தகால வினாத்தாளை விடைகளோடு வாசிப்பது படிப்பல்ல. நேரம் வைத்து எழுதி, புள்ளித்திட்டத்தோடு ஒப்பிட்டு, பிழைத்த கணக்கை மறுநாள் விடையைப் பார்க்காமல் மீண்டும் செய்ய வேண்டும். அலகு முடிந்ததும் அந்த அலகின் வினாக்களைச் செய்யத் தொடங்கலாம். தரம் 13 வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கண்டியிலோ ஹட்டனிலோ தனியார் வகுப்புக்குப் போக எல்லோரிடமும் காசு இல்லை. ஒரே அறையில் குடும்பம் முழுவதும் இருக்கும் லயத்தில் இரவில் படிப்பதும் எளிதல்ல. மூன்று நான்கு பேர் வாரத்தில் இரு நாள் பாடசாலையிலோ கோயில் மண்டபத்திலோ கூடி, ஆளுக்கொரு கணக்கைக் கரும்பலகையில் விளக்கினால், செலவில்லாத வகுப்பு ஒன்று உருவாகிவிடும். பழைய மாணவர் ஒருவர் மாதத்தில் ஒரு நாள் வந்தாலும் போதும்.

2009 ஓகஸ்டில் செட்டிகுளம் முகாம்களுக்குள் இருந்தபடியே வன்னி மாணவர்கள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். அந்த நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது. அதை எழுதிக் கடந்து இன்று தொழிலில் இருப்பவர்களும், மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் போனவர்களும் தங்கள் பழைய கொப்பிகளையும் வினாத்தாள்களையும் ஒரு பாடசாலைக்குக் கொடுத்தால், தரம் 12இல் நுழையும் அடுத்த பிள்ளை வெறுங்கையோடு தொடங்க வேண்டியிருக்காது.