மனச்சோர்வும் உட்சுரப்பும்: ஓர் ஆராய்ச்சி வரலாறு

அஞ்சியவன் உடல் நடுங்குகின்றது. நாணியவன் முகஞ் சிவக்கின்றது. உள்ளத்தின் நிலை உடலிலே தோன்றுமென்பதை அறிதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஆயின், உடலிற் சுரக்கும் ஒரு பொருள் மூளையை அடைந்து உள்ளத்தின் நிலையையே மாற்றவல்லது என்பது இருபதாம் நூற்றாண்டிலேயே தெளிவாயிற்று. அத்தெளிவு பிறந்த வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

சிறுநீரகங்களின்மேல் அமைந்திருப்பது அதிரீனல் சுரப்பி. அச்சமும் சினமும் அதனைத் தூண்டி, எதிர்த்துப் பொருதற்கோ தப்பியோடுதற்கோ உடலை ஆயத்தஞ் செய்யுமென ஹாவாட் சர்வகலாசாலைப் பேராசிரியர் வால்ற்றர் கனன் 1915 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே விளக்கினார்.

பின்னர், கனடாவின் மக்கில் சர்வகலாசாலையிலே ஹான்ஸ் செலி என்பார் புதியதோர் ஓமோனைக் காணும் அவாவினால் உறுப்புச் சாறுகளை எலிகளுக்கு ஏற்றினார். அதிரீனல் பெருத்தது, தைமசுச் சுரப்பி சுருங்கியது, இரைப்பையிலே புண் உண்டாயிற்று. ஆனால் யாதொரு தொடர்புமற்ற நச்சுப்பொருளை ஏற்றியபோதும் அவையே நிகழ்ந்தன. குளிர், காயம், மிகையுழைப்பு என்பனவும் அவ்விளைவையே தந்தன. தேடிய ஓமோன் கிடைத்திலது. எனினும், பல்வேறு ஊறுகளுக்கும் உடல் பொதுவானதொரு விடை தருகின்றது என்னும் உண்மை 1936 இல் வெளியாயிற்று. பிற்காலத்தார் இக்கொள்கையைத் திருத்தினராயினும், அதனை ஒதுக்கினாரல்லர்.

அதிரீனலின் புறணிச் சுரப்புக்களை ஆராய்ந்த கெண்டல், றைக்ஸ்ரைன், ஹெஞ்ச் ஆகிய மூவரும் 1950 இல் நோபெற் பரிசு பெற்றனர். 1948 முதல் மூட்டு நோயாளர்க்குக் கோட்டிசோன் வழங்கப்பட்டபோது, நோவு தணிந்ததுடன், சிலரிடத்து மிகையான களிப்பும் சிலரிடத்து மனக்கலக்கமும் காணப்பட்டன. அங்ஙனமாயின் இவ்வோமோன் மூளையைத் தொடுகின்றதோ என்னும் வினா எழுந்தது.

நியூயோர்க்கிலே புறூஸ் மக்கியூவனும் அவர்தங் குழுவினரும் 1968 இல் அதற்கு விடை கண்டனர். கதிர்வீச்சுடைய கோட்டிக்கோஸ்தரோனை எலிகளுக்கு ஏற்றியபோது, ஞாபகத்துக்கு இன்றியமையாத ஹிப்போகம்பசு என்னும் மூளைப்பகுதி அதனைப் பற்றிக்கொண்டது. எலிக்குக் கோட்டிக்கோஸ்தரோன் எப்படியோ மனிதனுக்குக் கோட்டிசோல் அப்படியே.

அதன்பின் சுண்டெலிகள் ஆராய்ச்சிக்குப் பெரிதும் துணையாயின. நரம்புத் தொகுதியில் இவ்வோமோனின் வாங்கி நீக்கப்பட்ட சுண்டெலிகளிடத்து அச்சம் குறைந்திருந்ததென ஜெர்மானிய அறிஞர் 1999 இற் காட்டினர். பிரான்சிய, அமெரிக்க அறிஞரின் 2009 ஆம் ஆண்டு ஆய்வொன்றிலே, சுண்டெலிகளின் குடிநீரில் வாரக்கணக்காகக் கோட்டிக்கோஸ்தரோன் கலக்கப்பட்டது. அவை தம் உரோமத்தைப் பேணாது விட்டன. புதிய இடத்தில் வைத்த உணவை அணுகத் தயங்கின. ஹிப்போகம்பசிலே புதுக்கலங்களின் பெருக்கமும் குறைந்தது. மூளையிற் செரொற்றோனினின் செயலை மிகுவிக்கும் புளுவொக்செற்றீன் என்னும் மருந்தைக் கொடுக்கவே, அந்நடத்தை சீர்ப்பட்டது.

சுண்டெலி தன் துயரை எடுத்துரைக்காது. நடத்தை கொண்டு நாம் உய்த்துணர்வதே. மனிதனின் மனச்சோர்வுக்கு ஓமோன் ஒன்றே காரணமென்றலும் பொருந்தாது. ஆயினும் ஒன்று தெளிவு. சிறுபொழுது சுரப்பின் காக்கும் ஓமோன், நெடுநாள் நீடிப்பின் கெடுக்கின்றது.

வகுப்பிலே சோர்ந்திருக்கும் மாணவனைச் 'சோம்பேறி' என்றும் 'மனவுறுதியற்றவன்' என்றும் இகழ்தல் எளிது. அச்சுண்டெலிகளிடத்துச் சோம்பலுமில்லை, ஒழுக்கக்கேடுமில்லை. அவற்றின் குடிநீரே வேறுபட்டிருந்தது. நாடோறும் அச்சத்தோடு பாடசாலைக்கு வரும் பிள்ளையின் குருதியிலே யாது கலந்துள்ளதென ஆசிரியர் ஒருகணம் எண்ணுவாராயின், கடிந்துரைக்கு முன் காரணத்தை வினவுவார்.