நினைவு மாளிகையும் முதுகு காட்டிய மாணவரும்



1596-ஆம் ஆண்டு, சீனாவின் நான்சாங் நகரில், இயேசு சபைக் குரு மத்தேயோ ரிச்சி சீன மொழியில் ஒரு சிறு நூல் எழுதினார். நினைவுக் கலையைக் கற்றுத்தரும் நூல் அது. அம்மாநில ஆளுநரின் மூன்று புதல்வர்கள் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். தேர்வில் வென்றால் பதவி, குடும்பத்துக்கு மதிப்பு. அவர்களுக்கு உதவவே இந்நூல்.

ரிச்சியின் திறமையை அந்நகர அறிஞர்கள் நேரில் கண்டிருந்தனர். தொடர்பின்றி எழுதித்தந்த சீன எழுத்துகளை ஒருமுறை படித்துவிட்டு, முன்னிருந்தும் பின்னிருந்தும் தடையின்றிச் சொல்லிவிடுவார்.

அவர் பின்பற்றியது கிரேக்கர், ரோமையர் வழியாக ஐரோப்பியப் பள்ளிகளுக்கு வந்த முறை. மனத்துக்குள் ஒரு மாளிகை கட்ட வேண்டும். நினைவில் வைக்க வேண்டிய ஒவ்வொன்றையும் ஓர் உருவமாக்கி, அறையின் ஒரு மூலையில் நிறுத்த வேண்டும். போரைக் குறிக்கும் சீன எழுத்தில் 'ஆயுதம்', 'நிறுத்து' என்ற இரு பகுதிகள் உண்டு. ஆகவே ரிச்சி, ஈட்டியை ஓங்கும் ஒரு வீரனையும், அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தும் மற்றொரு வீரனையும் அங்கே நிறுத்தினார்.

சீனப் பிள்ளைகளின் வழி வேறு. கன்பூசிய நூல்களைச் சிறுவயது முதலே உரக்க வாசிப்பார்கள். பிறகு ஆசிரியருக்கு முதுகு காட்டி நின்று ஒப்பிப்பார்கள். மனப்பாடம் செய்வதைக் குறிக்கும் சீனச் சொல்லில் 'முதுகு' என்ற எழுத்தே இருக்கிறது!

நூலைப் படித்த மூத்த புதல்வர் என்ன சொன்னார் தெரியுமா? விதிகள் உண்மைதான், ஆனால் அவற்றைப் பயன்படுத்துவதற்கே மிகச் சிறந்த நினைவாற்றல் வேண்டும் என்றார். மாளிகை கட்டும் கலை அங்கே வேரூன்றவில்லை.

ஆயினும் சீனர் ரிச்சியை மதித்தனர். ஏனெனில் அவரும் சீன ஆசிரியரிடம் மாணவராக அமர்ந்து, அவர்கள் போற்றிய நூல்களைக் கற்றிருந்தார். 1603-இல் கடவுளைப் பற்றிச் சீனத்தில் அவர் வெளியிட்ட நூல், அந்த நூல்களை எடுத்துக்காட்டியே பேசியது. 1610-இல் அவர் பீக்கிங்கில் இறந்தபோது, அடக்கம் செய்யப் பேரரசரே நிலம் அளித்தார்.

மறைக்கல்வி ஆசிரியர்களே, பெற்றோரே, ஒரு பிள்ளை பார்த்து நினைவில் கொள்ளும். இன்னொரு பிள்ளை சொல்லிச் சொல்லி நினைவில் கொள்ளும். உங்கள் முன் அமர்ந்திருக்கும் பிள்ளையின் வழி எது என்று முதலில் கற்றுக்கொள்வோம். பாடத்தை அதன்பின் தொடங்குவோம்.