நீலப் பறவையும் சிவந்த டிராகனும்

கால்பந்தாட்டத்தைக் குறித்து இலக்கியப் பகுதியில் என்ன கட்டுரை வேண்டிக் கிடக்கிறது என்று நேயர்களிற் சிலர் எண்ணக்கூடும். அவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டுகிறோம். நாம் சொல்லப் புகுவது பந்தை உதைத்த கதையன்று. ஒரு சட்டையின் நிறத்தைப் பற்றிய சரித்திரம். அந்நிறத்தை மாற்றியவர் நம் மலேசியாவைச் சேர்ந்த ஒரு பெருஞ் செல்வர். மாற்றலாகாது என்று நின்றவர்களோ ஆறாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு துறைமுகப் பட்டினத்தில் வாழும் சாமானிய ஜனங்கள். நம் நாட்டுப் பணம் பிற நாட்டிற்குச் சென்று என்ன செய்தது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டாமா?

அப்பட்டினத்தின் பெயர் கார்டிப். இங்கிலாந்திற்கு மேற்கே ஒட்டிக் கிடக்கும் வேல்ஸ் நாட்டின் தலைநகரம் அது. மலைப் பள்ளத்தாக்குகளில் சுரங்கத் தொழிலாளர் வெட்டியெடுத்த நிலக்கரி அந்நாளில் இத்துறைமுகத்தின் வழியாக உலகமெங்கும் கப்பலேறிற்று. நம்மவர் ரப்பர்ப் பாலைச் சுமந்து பிறரைச் செல்வராக்கியது போலவே, அவர்களும் கரியைத் தோண்டிப் பிறரைச் செல்வராக்கினர். வாரமெல்லாம் உழைத்தவனுக்குச் சனிக்கிழமைப் பிற்பகல் ஒன்றே சொந்தமாயிருந்தது. அதை அவன் ஆட்டத் திடலிற் கழித்தான். அப்பிரதேசத்தில் ரக்பி ஆட்டத்திற்கே முதலிற் செல்வாக்கு அதிகம். கால்பந்து பிற்பாடு வந்து இடம் பிடித்தது.

1899-ம் ஆண்டில், ரிவர்சைடு என்னும் கிரிக்கெட் கழகத்தைச் சேர்ந்த சிலர், குளிர்காலத்தில் தங்கள் கூட்டம் கலைந்து போகாதிருக்க வேண்டிக் கால்பந்துக் கழகம் ஒன்றைத் தொடங்கினர். அதற்கு முன்னின்றவர் பார்ட்லி வில்சன் என்பார். கல்லச்சுக்குப் படம் தீட்டும் தொழிலாளி. அக்கழகம் முதன் முதல் உடுத்திய சட்டை நீலமுமன்று, சிவப்புமன்று. சாக்லெட் நிறமும் அம்பர் மஞ்சளும் கலந்த கட்டம் போட்ட சட்டை. 1905-ல் கார்டிப் பட்டினம் மாநகர் என்ற அந்தஸ்தைப் பெற்றது. 1908-ல் கழகம் தன் பெயரைக் கார்டிப் சிட்டி என்று மாற்றிக்கொண்டது. அத்தோடு நீலச் சட்டையும் வந்தது. இதற்குள் ஏதோ ஆழ்ந்த தத்துவம் ஒளிந்திருப்பதாக நேயர்கள் கருத வேண்டுவதில்லை. புதுப் பெயருக்குப் புதுச் சட்டை, அவ்வளவே. 1910-ல் குப்பை மேடாய்க் கிடந்த ஒரு நிலத்தைத் திருத்தி நினியன் பார்க் என்னும் திடலை அமைத்தார்கள். கழகமும் சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்ளும் கழகமாயிற்று.

நீலச் சட்டைக்கு உயிர் வந்தது ஒரு நாடகத்தால். பெல்ஜிய நாட்டு ஆசிரியர் மோரிஸ் மேட்டர்லிங்க் என்பார் எழுதிய “நீலப் பறவை” என்னும் நாடகம் 1911-ல் கார்டிப் நகரத்து நாடகசாலையில் நடிக்கப் பெற்றது. அதே ஆண்டில்தான் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஏழை விறகுவெட்டியின் பிள்ளைகள் இருவர், ஆனந்தத்தைத் தரும் நீலப் பறவையைத் தேடி எங்கெங்கோ அலைகிறார்கள். இறந்தோர் உலகத்திலும், இனிப் பிறக்கப் போவோர் உலகத்திலும் தேடுகிறார்கள். கையில் அகப்பட்ட பறவையெல்லாம் நிறம் மாறுகின்றன, அல்லது மடிகின்றன. வெறுங்கையோடு திரும்பிய பிறகு பார்த்தால், தங்கள் வீட்டுக் கூண்டிலிருந்த பறவையே நீலமாய்த் தோன்றுகிறது. நாடகம் ஊரெங்கும் பேச்சாயிற்று. நீலச் சட்டை அணிந்த தங்கள் ஆட்டக்காரர்களை ஜனங்கள் “நீலப் பறவைகள்” என்றே அழைக்கத் தொடங்கினர். சுரங்கத்திலும் துறைமுகத்திலும் உழைத்த மக்கள் ஒரு நாடகத்திலிருந்து தங்கள் கழகத்திற்குப் பெயர் எடுத்துக்கொண்டார்கள் என்பது நமக்கு மிகவும் பிடித்த செய்தி. நம் தோட்டங்களிலும் நாடக மேடைகள் இருந்தனவே!

ஒரு நிறம் ஒரு கூட்டத்தாருக்கு எப்படிச் சொந்தமாகிறது? கடையில் துணி வாங்கியதால் மட்டும் ஆவதில்லை. அந்நிறத்தோடு இவர்கள் பட்ட சுகதுக்கங்கள் சேர்ந்தே அதைச் சொந்தமாக்குகின்றன. 1924-ல் இங்கிலாந்து லீக் பட்டம் கார்டிப்பின் கைக்கெட்டும் தூரத்திலிருந்தது. கடைசி ஆட்டத்தில் ஒரு பெனால்டி உதை தவறிற்று. ஹட்டர்ஸ்பீல்டு கழகமும் கார்டிப் கழகமும் 57 புள்ளிகளோடு சமமாய் நின்றன. போட்ட கோல்களை வாங்கிய கோல்களால் வகுத்துப் பார்க்கும் அந்நாளைய கணக்கின்படி மயிரிழையிற் பட்டம் கை நழுவியது. கழித்துப் பார்த்தால் இரண்டும் சமமே; அதன் பின் போட்ட கோல்களின் தொகையைப் பார்க்கும் இந்நாளைய கணக்கின்படி பட்டம் கார்டிப்புக்கே வந்திருக்கும். மறு ஆண்டு, 1925-ல், எப்.ஏ. கிண்ணத்தின் இறுதியாட்டத்திலும் தோல்வி.

பிறகு 1927 ஏப்ரல் 23-ந் தேதி வந்தது. வெம்பிளித் திடலில் ஆர்சனல் கழகத்தோடு இறுதியாட்டம். கார்டிப்பின் ஹியூகி பெர்குசன் அடித்த பந்து அவ்வளவு வேகமானதன்று. ஆர்சனலின் காவலர் டான் லூயிஸ் அதைப் பற்றினார். பந்து கை நழுவி உள்ளே உருண்டது. அவரும் ஒரு வேல்ஸ்காரர்! புதுச் சட்டையின் வழுவழுப்பே காரணமென்றும், அதன் பின்னர் ஆர்சனல் கழகத்தார் காவலரின் சட்டையை ஒருமுறை துவைத்த பிறகே அணியக் கொடுப்பர் என்றும் கூறுவர். அக்கிண்ணம் இங்கிலாந்தை விட்டு வெளியே சென்றது அந்த ஒரே முறைதான். இன்றளவும் அது மறுமுறை நிகழவில்லை. தகப்பன் மகனுக்கும், மகன் பேரனுக்கும் நீலத் துண்டைக் கழுத்திற் சுற்றிவிட்டு இக்கதையைச் சொல்லி வளர்த்தார்கள். இத்தனைக்கும் சட்டையில் பறவை இலச்சினை ஏறியது 1959-ல்தான். பறவை துணியில் வருமுன் அரை நூற்றாண்டு காலம் வாயிலேயே வாழ்ந்தது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. கழகங்கள் நிறம் மாற்றுவது புதிதா? புதிதன்று. லிவர்பூல் கழகம் 1892-ல் நீலமும் வெள்ளையும் உடுத்தித் தொடங்கியது. சிவப்பு 1896-ல்தான் வந்தது. ஆர்சனல் என்பது வூல்விச் ஆயுதசாலைத் தொழிலாளர் 1886-ல் கூடி அமைத்த கழகம். அவர்களிடம் சட்டை வாங்கப் பணமில்லை. நாட்டிங்காம் பாரஸ்ட் கழகத்தார் தங்கள் சிவப்புச் சட்டைகளை அனுப்பி உதவினார்கள். அந்தத் தானச் சிவப்பே இன்று உலகறிந்த சிவப்பு. இத்தாலியில் யுவென்டஸ் கழகத்தார் முதலில் இளஞ்சிவப்பு அணிந்திருந்தனர். 1903-ல் இங்கிலாந்திலிருந்து நாட்ஸ் கவுண்டி கழகத்தின் கறுப்பு வெள்ளைச் சட்டைகள் வந்து சேர, அதுவே அவர்களுக்கு நிலைத்துவிட்டது. லீட்ஸ் கழகத்தின் நீலத்தையும் பொன்னிறத்தையும் 1961-ல் மானேஜர் டான் ரெவி ஒதுக்கி, ரியல் மாட்ரிட் கழகத்தைப் போல முழு வெள்ளை அணிவித்தார். அவர் அங்கேயே பயிற்சித் திடலில் உடன் நின்று, அந்த வெள்ளையில் கழகத்தை உயர்த்திக் காட்டினார், ஜனங்களும் ஏற்றனர். கார்டிப்பே பழுப்பை விட்டு நீலத்திற்கு வந்ததுதானே! ஆகவே நிறம் மாறுவது பாவமன்று. யார் மாற்றுகிறார், யாரைக் கேட்டு மாற்றுகிறார் என்பதே விஷயம்.

1962-ல் முதற் படியிலிருந்து இறங்கிய கார்டிப் கழகம் நெடுங்காலம் கீழ்ப்படிகளிலேயே உழன்றது. கடன் மிகுந்தது. 2010-ல் வரிப் பாக்கிக்காகக் கழகத்தையே கலைத்துவிடும்படி அரசாங்க வரி இலாகா நீதிமன்றம் சென்றது. அச்சமயத்திலேதான் மலேசிய முதலாளிகள் வந்தனர். அவர்களுள் தலையாயவர், ஜொகூர் பத்து பகாட்டிற் பிறந்து பெர்ஜாயா நிறுவனத்தைக் கட்டியெழுப்பிய டான் ஸ்ரீ வின்சென்ட் டான். அவருடைய பணம் இல்லாவிட்டால் கழகம் என்னவாகியிருக்கும் என்று கார்டிப் மக்களே அஞ்சினர். இதை மறைத்து எழுதுவது நியாயமாகாது.

2012-ம் ஆண்டு மே மாதத்தில் ஒரு திட்டம் வெளியே கசிந்தது: இனி உள்ளூர்ச் சட்டை சிவப்பு, இலச்சினையில் டிராகன். எதிர்ப்புக் கிளம்பியதும் திட்டம் கைவிடப்பட்டது என்றார்கள். அடுத்த மாதமே அது நிறைவேறிற்று. சிவப்பு கீழ்நாடுகளில் மங்கலமான நிறம். டிராகன் சீன மக்கள் போற்றும் வடிவம். ஆகையால் ஆசியாவில் கழகத்திற்குப் பேரும் வியாபாரமும் பெருகும் என்பது அவர்கள் கூறிய காரணம். அதனோடு கடன் தீர்த்தல், மைதானத்தை விரித்தல், பயிற்சித் திடல் அமைத்தல் என்னும் வாக்குறுதிகளும் கட்டப்பட்டிருந்தன. புது இலச்சினையின் நடுவே பெரிய சிவந்த டிராகன்; கீழே “தீயும் வேட்கையும்” என்ற பொருளுடைய ஆங்கில வாசகம்; அதற்கடியில் ஒரு சின்னஞ்சிறு நீலப் பறவை. நூறு ஆண்டு வீட்டுக்காரரைத் திண்ணையில் உட்கார வைத்த மாதிரி. நீலச் சட்டையும் முற்றிலும் போகவில்லை. வெளியூர் ஆட்டத்திற்கு மட்டும் அதுவாம்.

இதில் ஒரு விந்தை உண்டு. சிவந்த டிராகன் வேல்ஸ் மக்களுக்கு அந்நியமானதன்று. அவர்களுடைய தேசக் கொடியிலேயே அது நிற்கிறது. தேசிய ஆட்டக்காரர்கள் அணிவதும் சிவப்பே. கார்டிப் மக்களும் அக்கொடிக்கு மனமாரத் தலை வணங்குபவர்களே. தங்களுடைய சொந்த டிராகனையே ஒருவர் தூக்கி வந்து கொடுக்கும்போது ஏன் முகம் திருப்பினார்கள்? நாட்டின் நிறம் வேறு, வீட்டின் நிறம் வேறு என்பதே நம் கருத்து. சிலாங்கூர் அபிமானி ஒருவன் தேசக் கொடிக்கு எழுந்து நிற்பவனே. அதற்காகச் சிவப்பையும் மஞ்சளையும் கழற்றி வை என்றால் கழற்றுவானா?

எல்லோரும் எதிர்த்தார்கள் என்று சொல்வதற்கில்லை. பணம் வந்தாற்போதும், கழகம் பிழைத்தாற்போதும் என்று சிவப்புச் சட்டையை வாங்கி அணிந்தவர் பலர். அவர்களைத் துரோகிகள் என்று நாம் சொல்ல மாட்டோம். கடன்காரன் வாசலில் நிற்கையில் தாலியை அடகு வைப்பவள் தாலியை மதியாதவள் அல்லள்.

சோதனை போல, சிவப்புச் சட்டைக்கு வெற்றியும் வந்தது! 2013 ஏப்ரலில் கார்டிப் இரண்டாம் படியில் முதலிடம் பெற்று, 51 ஆண்டுகளுக்குப் பின் முதற்படி ஏறிற்று. எந்த நாளுக்காகத் தாத்தாக்கள் காத்திருந்து மாண்டார்களோ அந்த நாள், அவர்கள் அறியாத நிறத்தில் வந்தது. சந்தோஷிப்பதா, துக்கிப்பதா? நீலத் துண்டைக் கழுத்திற் போட்டுக்கொண்டே சிவப்புச் சட்டைக்காரர்களுக்குக் கை தட்டியவர்கள் அநேகர். அவ்வாண்டு டிசம்பரில் மானேஜர் மால்கி மாக்கே நீக்கப்பட்டார். 2014-ல் கழகம் மீண்டும் இறங்கிற்று. நீலம் வேண்டுமென்று ஊர்வலங்கள் நடந்தன. மைதானத்தில் காலி ஆசனங்கள் பெருகின.

2015 ஜனவரி 9-ந் தேதி டான் ஸ்ரீ தமது முடிவை அறிவித்தார். பௌத்த மதப் பற்றுடைய தம் தாயார், ஒற்றுமை, கூடிவாழ்தல், மகிழ்ச்சி ஆகியவற்றைக் குறித்துத் தம்மிடம் பேசியதே காரணம் என்றார். மறுநாள் புல்ஹாம் கழகத்தோடு நடந்த ஆட்டத்தில் கார்டிப் நீலத்தில் இறங்கிற்று. மகன் கேளாத ஜனங்களின் சொல்லைத் தாய் எடுத்துச் சொன்னாள். காலி ஆசனங்களும் தாய்க்குத் துணை நின்றிருக்கலாம்.

சட்டப்படி கழகம் ஒரு கம்பெனி. பங்கை வாங்கியவனே எஜமான். இந்தச் சட்டம் நம்மவர்க்குப் புதிதன்று. தோட்டத் துண்டாடல் நடந்த நாட்களில், கம்பெனி விட்டுக் கம்பெனி கை மாறிய நிலத்தில், மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து இறந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லயமும், கோயிலும், பந்தாட்டத் திடலும் பத்திரத்தில் ஏக்கர் கணக்காய் எழுதப்பட்டன. கார்டிப் மக்களுக்கு ஒரு திடலும் ஒரு குரலுமாவது இருந்தன. 2025 ஜூலையில் பிரிட்டனில் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டம் அக்குரலுக்கு எழுத்து வடிவமும் கொடுத்திருக்கிறது. இனி ஒரு கழகத்தின் இலச்சினையையோ உள்ளூர்ச் சட்டையின் முக்கிய நிறத்தையோ மாற்ற வேண்டுமாயின், அபிமானிகளிற் பெரும்பாலார் சம்மதிக்கின்றனரா என்று முதலில் அறிந்தாக வேண்டும்.

2015-ல் வந்த புதிய இலச்சினையில் நீலப் பறவை மறுபடியும் நடுநாயகமாய் அமர்ந்தது. டிராகனும் போய்விடவில்லை; பறவையின் கீழே, முன்பு பறவை இருந்த இடத்தில், சிறியதாக நின்றது. உற்றுப் பார்த்தால் அது வேல்ஸ் கொடியிலுள்ள டிராகன் அன்று, சீன டிராகன்.