பெயர் இல்லாத புகைப்படங்கள்

சுருளிப்பட்டிக்குப் போகிறவர்கள் திராட்சைப் பந்தலைப் படம் எடுப்பார்கள். அருவியை எடுப்பார்கள். 2020 கொரோனா ஊரடங்கில் அருவிக்கு ஏது ஆள்? தெருவில் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டிருந்த பெரியவரை ஒரு இளைஞர் செல்போனில் படம் எடுத்தாராம். பெரியவர் சிரித்துவிட்டார். "மூஞ்சிய மூடிக்கிட்டு நிக்கிறேன். இதை எடுத்து என்ன தம்பி செய்யப் போறீங்க? எம் பொண்டாட்டிக்கே அடையாளம் தெரியாதே!"

வரலாற்றிடமும் கேட்க வேண்டிய கேள்விதான் இது.

1896-ல் பம்பாய்க்குள் பிளேக் புகுந்தது. மாஸ் என்ற ராணுவ கேப்டன் கேமராவும் கையுமாக அலைந்தார். நோய் கண்ட வீடுகளுக்குள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் தொழிலாளர்கள் அவர் படங்களில் இருக்கிறார்கள். முகத்தில் துணி கிடையாது. எலியின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சிதான் பிளேக்கைப் பரப்புகிறது என்று பால் லூயி சீமோன் கராச்சியில் கண்டுபிடித்ததே 1898-ல்தான்.

1910 கடைசியில் மஞ்சூரியாவில் வந்தது வேறு மாதிரி பிளேக். மூச்சிலேயே பரவுவது. பினாங்கில் பிறந்த சீன டாக்டர் வூ லியன் தே, பஞ்சும் கட்டுத்துணியும் சேர்த்து முகக்கவசம் செய்து எல்லோரையும் கட்டச் சொன்னார். மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டர் கேட்கவில்லை. வெறும் முகத்தோடு நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் செத்துப்போனார். அதன்பிறகு எல்லோரும் கட்டினார்கள். சுமார் 60,000 பேரைக் கொண்டுபோன அந்த நோய், ஹார்பின் நகரில் எடுத்த படங்களையும் விட்டுப்போனது. முகம் மூடிய பணியாளர்கள் அவற்றில் வரிசையாக நிற்கிறார்கள்.

நம் கம்பம் பள்ளத்தாக்கையும் பிளேக் விடவில்லை. ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இருவர் அதை ஆராய்ந்து 1934-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் எழுதினார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரிகிறது. அன்று எலி பிடித்தவர், பிணம் சுமந்தவர், வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தவர் பெயர் யாருக்காவது தெரியுமா?

2020 மார்ச்சில் தமிழக அரசு, துப்புரவுப் பணியாளர்களை இனி 'தூய்மைப் பணியாளர்' என்று அழைக்கச் சொன்னது. நல்லதுதான். ஆனால், அது வேலைக்கு வைத்த பெயர். ஆளுக்கு ஒரு பெயர் இருக்கிறதல்லவா?

உங்கள் செல்போனிலும் அப்படியொரு படம் இருக்கலாம். அழிக்கும் முன் அவர் பெயரைக் கீழே எழுதிவையுங்கள். தெரியாதா? தெருமுனைவரை நடந்துபோய்க் கேளுங்கள். இப்போது முகக்கவசம் இல்லாமல்தான் நிற்பார்.