குர்ஆன் நூலானது எப்போது?

முஹம்மது நபி 632-ல் காலமானபோது குர்ஆன் ஒரே நூலாகக் கட்டப்பட்டிருக்கவில்லை. தோழர்கள் அதை மனனம் செய்திருந்தார்கள். பேரீச்ச மட்டை, தட்டைக் கல், தோல் என்று கிடைத்தவற்றில் எழுதியும் வைத்திருந்தார்கள். விரைவிலேயே மூண்ட யமாமா போரில் மனனம் செய்தோர் பலர் மடிந்தனர். தோழர் உமர் வற்புறுத்தவே, முதல் கலீஃபா அபூபக்ர் தொகுக்கும் பொறுப்பை நபியின் எழுத்தரான ஸைத் இப்னு ஸாபித்திடம் ஒப்படைத்தார். அவர் திரட்டிய ஏடுகள் கடைசியில் உமரின் மகள் ஹஃப்ஸாவிடம் வந்து சேர்ந்தன.

650 வாக்கில் ஆர்மீனியா, அஜர்பைஜான் போர்முனைகளில் சிரியா வீரர்களும் இராக் வீரர்களும் ஓதும் முறையில் முரண்பட்டார்கள். செய்தி எட்டியதும், மூன்றாம் கலீஃபா உஸ்மான் அந்த ஏடுகளைக் கொண்டு ஸைத் தலைமையில் பிரதிகள் எடுக்கச் செய்து முக்கிய நகரங்களுக்கு அனுப்பினார். மற்ற பிரதிகளை எரிக்க உத்தரவிட்டார். கூஃபாவில் இருந்த மூத்த தோழர் இப்னு மஸ்ஊத் இதை எதிர்த்ததையும் முஸ்லிம் மரபு மறைக்காமல் பதிந்திருக்கிறது. அந்த நேர்மைதான் இன்றைய ஆய்வாளருக்குப் பெரிய கொடை.

ஆனால் இந்த விவரங்களைத் தரும் ஹதீஸ் (நபி மரபுச் செய்தி) தொகுப்புகள் 9-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இதைச் சுட்டிக்காட்டிய ஆய்வாளர் ஜான் வான்ஸ்பரோ, குர்ஆன் இறுதி வடிவம் பெற்றதே நபிக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்புதான் என்று 1977-ல் வாதிட்டார். அதே ஆண்டில் மற்றோர் ஆய்வாளர் ஜான் பர்ட்டன், தொகுத்தவர் நபியேதான் என்றார்.

வாதத்தின் போக்கை மாற்றியவை பழைய தோல் ஏடுகள். 1972-ல் யேமனின் சனா பெரிய பள்ளிவாசலைப் பழுதுபார்த்தபோது கூரைப் பகுதியில் ஏடுகளின் குவியல் கிடைத்தது. அதில் ஒரு பிரதியில், முதலில் எழுதியதை அழித்துவிட்டு அதன்மேல் மறுபடி குர்ஆனையே எழுதியிருந்தார்கள். மேலே இருப்பது உஸ்மானின் பாடம். அடியில் மங்கித் தெரியும் எழுத்தில் சில சொற்கள் வேறு. 9-ம் அத்தியாயம் முடிந்ததும் 19-ம் அத்தியாயமான மர்யம் தொடங்குகிறது. வசனங்களோ பெரும்பாலும் இன்றுள்ளவையே. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் உள்ள இரண்டு ஏடுகளின் தோலைக் கார்பன் சோதனை 568-க்கும் 645-க்கும் இடைப்பட்டதாகக் காட்டியது. 2015-ல் முடிவு வெளியானது. சோதனை சொல்வது தோலின் வயதை, மையின் வயதை அல்ல. ஆனாலும் வான்ஸ்பரோ சொன்ன காலத்தை இந்தச் சான்றுகளுக்குப் பின் ஏற்பது கடினம்.

உஸ்மானின் பிரதிகளோடும் எல்லாம் முடிந்துவிடவில்லை. அக்கால எழுத்தில் உயிர்க்குறிகள் இல்லை, எழுத்துகளை வேறுபடுத்தும் புள்ளிகளும் அரிது. ஒரே எழுத்துருவைப் பலவிதமாக ஓத இடமிருந்தது. 10-ம் நூற்றாண்டில் பாக்தாத் அறிஞர் இப்னு முஜாஹித் ஏழு ஓதல்களை ஏற்கத்தக்கவையாக வகுத்தார். அவற்றுள் ஒன்றான ஆஸிமின் ஓதலை, அவரது மாணவர் ஹஃப்ஸ் வழியில், 1924-ல் கெய்ரோ பதிப்பு அச்சேற்றியது. இன்று உலகின் பெரும்பகுதியில் ஓதப்படுவது அதுவே.