கழிவுநீரும் கசடும்

மக்கள் நெருங்கி வாழும் நகருக்கு நன்னீரை வருவித்தல் எத்துணை அரிதோ, பயன்பட்ட நீரைத் தீங்கின்றிப் போக்குதலும் அத்துணை அரிதாகும். கழிவுநீர் தூய்மையடைவது இரசாயன மாற்றத்தாலா, உயிர்களின் செயலாலா என்னும் வினா பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அறிஞரிடையே எழுந்தது. அவ்வினா விடைபெற்ற வரலாற்றைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1858ஆம் ஆண்டுக் கோடையில் இலண்டன் மாநகரின் கழிவெல்லாம் தேம்சு நதியிலே தேங்கி நாறியது. பாராளுமன்றத்தின் யன்னற் றிரைகளை வெளிற்றுந்தூள் கரைத்த நீரில் தோய்த்துத் தொங்கவிட்டும் பயனில்லை. பின்னர் யோசேப்பு பசல்கெற்று என்னும் பொறியியலறிஞர் அமைத்த பெருங்கால்வாய்கள் கழிவை நகருக்குக் கீழ்ப்புறமாகக் கொண்டுசென்று ஆற்றில் விட்டன. கழிவு இடம் மாறிற்றேயன்றித் தன்மை மாறவில்லை.

1868ஆம் ஆண்டளவில் எட்வேட் பிராங்கிலாந்து என்னும் இரசாயன அறிஞர், கழிவுநீரை மண்ணினூடு இடைவிட்டுச் செலுத்தின் அது தூய்மையுறும் எனக் காட்டினார். மண்ணிடைப் புகுந்த காற்றின் ஒட்சிசனே கழிவை ஒட்சியேற்றுகின்றது என்றும், அது வெறும் இரசாயன மாற்றமே என்றும் அக்காலத்தார் பலர் கருதினர்.

இக்கருத்தை 1877இல் பிரான்சு தேசத்துச் சுலோசிங், மியூன்ற்சு என்னும் இருவர் சோதித்தனர். மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயினூடு கழிவுநீரை ஒழுகவிட்டபோது, ஏறத்தாழ இருபது நாள் வரை அமோனியா மாறவேயில்லை. அதன் பின்னரே நைத்திரேற்றாகத் தொடங்கிற்று. வெறும் இரசாயன மாற்றமாயின் இத்தாமதம் ஏன்? குழாயிற் குளோரபோம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. பின்பு சிறிது மண்ணைக் கரைத்த நீரை வார்த்ததும் மீண்டது. மயக்கப்படுவதும் விதைக்கப்படுவதும் உயிருக்கே உரியன அல்லவா? 1890ஆம் ஆண்டளவில் வினோகிராட்சுகி அந்நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்தபோது ஐயம் முற்றாக நீங்கியது.

எனினும் மண்வழிச் சுத்திகரிப்புக்குப் பரந்த நிலம் வேண்டும். மாஞ்செஸ்ரர் நகரில் ஆராய்ந்த கில்பேட் பௌலர், 1912இல் அமெரிக்காவின் உலோறன்சு ஆராய்ச்சி நிலையத்திற் காற்றூட்டிய கழிவுநீர் தெளிவதைக் கண்டு திரும்பினார். அவர் தூண்டுதலால் ஆடேன், உலொக்கெற்று என்பார் டேவிகியூம் நிலையத்திற் கழிவுநீர்ப் போத்தல்களுக்குக் காற்றூட்டினர். முதற்சோதனை முற்றுப்பெற ஐந்து வாரமளவு சென்றது. வேண்டாப்பொருளெனக் கொட்டப்படுவதே கசடுக்கு வழக்கம். இவரோ தெளிந்த நீரை மட்டும் வடித்துக் கசடை இருத்திப் புதிய கழிவுநீரை வார்த்தனர். இவ்வாறு செய்யுந்தோறும் காலம் குறைந்து, ஈற்றில் 24 மணி நேரத்துள் வேலை முடிந்தது. கழிவை உண்டு பெருகும் நுண்ணுயிர்த் திரள் அக்கசடிலேயே இருந்தமைதான் காரணம். அதற்கு 'ஊக்கம் பெற்ற கசடு' எனப் பெயரிட்டு, 1914ஆம் ஆண்டு ஏப்பிரல் 3ஆம் நாள் தம் முடிவை அறிஞர் அவையில் வெளியிட்டனர்.

பௌலர் 1916இற் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்திற் பேராசிரியராகச் சேர, இக்கலை கீழைநாட்டிலும் பயிலப்பட்டது. இன்று உலகின் பெருநகர்கள் பல இம்முறையாலேயே தம் ஆறுகளைக் காக்கின்றன. இரசாயனர் அளந்தனர், உயிரியலார் காரணங் கண்டனர், இரண்டையும் ஒருங்கறிந்தோர் கசடைக் கொட்டாது வைத்தனர். எறிதற்குமுன் ஆராய்தல் அறிவியலின் முதற்கடனென்பதை மாணவர் உளங்கொள்வாராக.