மீசைக்காரனும் பொய் இரையும்

கெளுத்தி மீனைப் பொய் இரை போட்டுப் பிடிப்பதைப் பற்றி இலக்கியக் கூட்டத்தில் என்ன பேச்சு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இந்த வரலாற்றில் அரிஸ்டாட்டில் வருகிறார், ஒரு நோபல் பரிசாளர் வருகிறார், ஹங்கேரி நாட்டுப் படகோட்டிகள் வருகிறார்கள். யார் சொன்னதை யார் நம்பினார்கள், யார் சொன்னதை யாரும் நம்பவில்லை என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது.

ஜெர்மனியில் நெக்கர் ஆற்றங்கரையில் எனக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுத்தவர் என்னோடு வேலை செய்த ஒரு பெரியவர். கெளுத்திக்கு லூர் போடுவது வெட்டி வேலை, அதற்கு நாற்றம்தான் வேண்டும் என்பார். கொத்தாகக் கட்டிய மண்புழு, ஈரல், செத்த மீன், இவைதான் அவர் கணக்கு. ஒரு ஜூன் மாத ஆரம்பத்தில், பொழுது சாயும் நேரம், வேறு மீனுக்காக வில்லோ மரத்து வேர்களின் ஓரமாக ஒரு தகரக் கரண்டி லூரை வீசினேன். பெரிய அடி ஒன்று விழுந்தது. தட்டையான அகலத் தலையும் இரண்டு நீள மீசையும் ஒரு கணம் மேலே தெரிந்தன. நூல் அறுந்துபோயிற்று. பெரியவர் நம்பவில்லை. "மரக்கட்டையில் மாட்டியிருக்கும்" என்றார். அன்றிலிருந்துதான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

லூர் என்பது மீனிடம் சொல்லும் பொய். நவீன லூரின் கதையைப் படித்தால் அது பெரும்பாலும் கண்ணுக்குச் சொன்ன பொய்யாகவே இருக்கிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜூலியோ பியூல் என்பவர் கரண்டி வடிவ லூருக்கு 1852இல் காப்புரிமை பெற்றார். சாப்பிடும் கரண்டி ஏரியில் தவறி விழுந்ததாம், அது மினுங்கிக்கொண்டே இறங்கும்போது ஒரு மீன் பாய்ந்து கவ்வியதாம். அதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை பிறந்தது என்று கதை சொல்வார்கள். 1936இல் பின்லாந்தில் லவுரி ரப்பாலா என்ற ஏழை மீனவர், அடிபட்ட சிறுமீன் தள்ளாடி நீந்துவதைக் கவனித்து, தக்கையைச் செதுக்கி ஒரு மீன் செய்தார். மேலே ஒட்டியது சாக்லேட் சுற்றிவந்த வெள்ளித்தாள். பூச்சுக்கு உருக்கியது பழைய புகைப்பட நெகட்டிவ்கள். மினுக்கம், நிறம், தள்ளாட்டம் என்று எல்லாம் பார்வைக்கான ஏற்பாடு.

ஐரோப்பியப் பெருங்கெளுத்திக்கோ கண் மிகச் சிறியது. வெல்ஸ் என்று பெயர். இரண்டு மீட்டருக்கு மேலும் வளரும். நம் ஊர் ஆற்றுவாளையும் இதுவும் ஒரே குடும்பம். மேல்தாடையில் இரண்டு நீள மீசை, கீழ்த்தாடையில் நான்கு குட்டை மீசை. சுவை அறியும் மொட்டுகள் மீசையிலும் உடம்புத் தோலிலும் பரவியிருக்கின்றன. உடம்பே நாக்கு என்று சொல்லலாம். கலங்கிய நீரில், இரவில் இரை தேடும் மீன். இதற்கு மினுங்கும் தகரம் எதற்கு என்று பெரியவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

ஆனால் டான்யூப், டிஸா ஆறுகளில் இதற்கு ஒரு பழைய பதில் இருந்தது. அங்குள்ள மீனவர்கள் வளைந்த ஒரு மரக்கோலைத் தலைமுறைகளாக வைத்திருந்தார்கள். நுனியில் காசு அளவுக்கு ஒரு தட்டை வட்டம். படகை ஆற்றின் போக்கில் விட்டு, அந்தக் கோலால் தண்ணீரை அடித்து இழுப்பார்கள். காற்று உள்ளே புகுந்து உடையும்போது 'க்ளொங்க்' என்று ஆழமாக ஒரு சத்தம் வரும். சில அடிகள், சற்று நிறுத்தம், மறுபடி சில அடிகள். ஆற்றடியில் படுத்திருக்கும் கெளுத்தி எழுந்து வந்து, கீழே தொங்கும் இரையைக் கவ்வும். ஹங்கேரியில் இதற்குப் பெயர் குத்யோகதோ, செர்பியாவில் பூச்கா. முள் கிடையாது, நிறம் கிடையாது. வெறும் சத்தம். என் கணக்கில் இதுவும் லூர்தான், காதுக்குச் சொல்லும் பொய்.

படித்தவர்கள் இந்த இடத்துக்கு வரக் காலம் பிடித்தது. 1820இல் எர்ன்ஸ்ட் ஹைன்ரிச் வேபர் என்ற ஜெர்மானிய உடற்கூற்றியலாளர், கெளுத்தி, கெண்டை வகை மீன்களின் காற்றுப்பையிலிருந்து உட்காது வரை சிற்றெலும்புகள் சங்கிலிபோல் போவதை விவரித்தார். காற்றுப்பை முரசுத்தோல் மாதிரி அதிர, எலும்புகள் அந்த அதிர்வைக் காதுக்குக் கடத்துகின்றன. அப்படியிருந்தும் மீனுக்குக் காது கேட்குமா என்ற சண்டை இருபதாம் நூற்றாண்டு வரை ஓயவில்லை. கார்ல் ஃபான் ஃபிரிஷ், பிற்பாடு தேனீக்களின் நடனத்தைப் படித்து 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர், பார்வை நீக்கப்பட்ட ஒரு குட்டைக் கெளுத்தியைத் தொட்டியில் வளர்த்தார். உணவு தருமுன் சீழ்க்கை அடிப்பார். சில நாளில் சீழ்க்கை கேட்டதுமே மீன் தன் குழாயைவிட்டு வெளியே வந்தது. 1923இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே, சீழ்க்கை அடித்தால் வரும் குட்டைக் கெளுத்தி என்பதுதான். டிஸா ஆற்றுப் படகோட்டியிடம் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

அடுத்த படி 2001இல் வந்தது. கும்மிருட்டில் அகச்சிவப்புக் கேமரா வைத்து, வெல்ஸ் கெளுத்தி சின்னக் கப்பி மீன்களை வேட்டையாடுவதை ஆய்வாளர்கள் படமெடுத்தார்கள். கெளுத்தி இரையை நோக்கி நேராகப் போகவில்லை. இரை வளைந்து நெளிந்து போன தடத்திலேயே தானும் வளைந்து நெளிந்து போய்ப் பிடித்தது. நீந்தும் மீன் தண்ணீரில் விட்டுச்செல்லும் சுழிப்பைப் பத்து வினாடி கழிந்த பிறகும் அதனால் தொடர முடிந்தது. 2004இல் வந்த ஆய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது. தோலின் சுவையுணர்வை அகற்றினாலும் வேட்டை நடந்தது. பக்கக்கோடு என்ற அதிர்வு உணரும் உறுப்பை முடக்கியபோதுதான் வேட்டை வெகுவாகக் குறைந்தது. பிரான்சின் ஆல்பி நகரில் தார்ன் ஆற்றுக் கெளுத்திகள் கரையில் குளிக்கும் புறாக்களைப் பாய்ந்து பிடிப்பதை 2012இல் பதிவு செய்தார்கள். நான்கு பாய்ச்சலுக்கு ஒன்றுக்கு மேல் பலித்தது. அசையாமல் நின்ற புறாவை அவை தொடவில்லை.

எனவே என் தகரக் கரண்டி அன்று மினுங்கியதால் ஏமாற்றவில்லை. அது நீரைக் கலக்கியது, அந்தக் கலக்கம் போதுமானதாக இருந்தது. இன்றைக்கு ஸ்பெயினின் எப்ரோ ஆற்றில், 1974இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டுப் பெருகிய வெல்ஸ்களுக்கு, வாலை அடித்து அதிரும் பெரிய ரப்பர் மீன்களைப் போடுகிறார்கள். பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். தலையை ஆட்டினார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பிறகு அரிஸ்டாட்டிலைப் படித்தேன். கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நான்காம் நூற்றாண்டில், விலங்குகளைப் பற்றிய தம் நூலில், கிளானிஸ் என்ற ஆற்றுக் கெளுத்தியைப் பற்றி எழுதுகிறார். வில்லோ போன்ற மரங்களின் வேரடியில் முட்டையிடும். பெண்மீன் போய்விடும். ஆண்மீன் நாற்பது, ஐம்பது நாள் முட்டைகளையும் குஞ்சுகளையும் காவல் காக்கும். நெருங்கும் சிறுமீன்கள்மேல் பாய்ந்து, சத்தமிட்டு விரட்டும். அந்தச் சத்தத்தை வைத்தே மீனவர்கள் இடம் கண்டுபிடிப்பார்கள். சிறுமீன்மேல் பாயும்போது தகப்பன் தூண்டிலில் மாட்டும். தூண்டிலை முன்பே அறிந்த மீனானாலும் குஞ்சுகளை விட்டுப் போகாது. முள்ளைத் தன் பல்லால் கடித்து நொறுக்கும்.

இதைப் பிற்கால ஐரோப்பிய அறிஞர்கள் நம்பத் தயங்கினார்கள். அவர்கள் அறிந்த கெளுத்தி அப்படிச் செய்வதாக யாரும் சொல்லவில்லை. மீனவர் வாய்க் கதை என்று ஒதுக்கினார்கள். 1850களில், அமெரிக்கக் கெளுத்திகள் முட்டையைக் காப்பதைக் கண்ட லூயி அகாசி, கிரேக்கத்தின் அகெலோஸ் ஆற்றிலிருந்து மீன்களை வரவழைத்துப் பார்த்தார். அது வெல்ஸ் அல்ல, வேறொரு இனம். இன்று அதன் அறிவியல் பெயரில் அரிஸ்டாட்டிலின் பெயர் இருக்கிறது. வெல்ஸின் ஆண்மீனும் முட்டையைக் காக்கும் என்பது இப்போது தெரிந்த செய்தி.

அந்தப் பக்கத்தைப் படித்ததும் நான் புத்தகத்தை மூடிவைத்தேன். ஜூன் மாத ஆரம்பம். வில்லோ வேர். வெல்ஸ் முட்டையிடும் பருவம் அதுதான், இடமும் அதுதான். பசியில்தான் அது என் கரண்டியைக் கவ்வியது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். குஞ்சுகளை நெருங்கிய ஏதோ ஒரு சிறுமீன் என்று நினைத்தும் அது அடித்திருக்கலாம். அப்படியானால் நான் மறுபடி மறுபடி லூரை வீசியது ஒரு தகப்பனின் வாசலில். நூல் அறுந்ததால் அது அங்கேயே இருந்திருக்கும். வாயில் என் தகரத்தோடு.

பெரியவரிடம் இதையும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, மே, ஜூன் மாதங்களில் தன் அப்பா அந்த வில்லோ கரைப்பக்கம் தூண்டில் போட மாட்டார் என்றார். ஏன் என்று இவர் கேட்டதில்லையாம். நானும் இப்போது அந்த மாதங்களில் அங்கே போடுவதில்லை.